சாந்தி தரும் சாந்து

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், எங்கள் வீட்டு அலமாரியில் மாவடு ஜாடிக்கு அடுத்தபடியாக வந்து குடியேறுவது, அடியில் இளஞ்சிவப்பு வண்டலும் மேலே தெளிந்த நீருமாகப் பிரிந்து நிற்கும் ஒரு கண்ணாடிப் புட்டிதான். பாட்டி அதைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் தட்டித் தட்டிக் குலுக்கும் ஓசை கேட்டதும், முதுகெல்லாம் வேர்க்குரு பூத்து, சொறியவும் முடியாமல் சொறியாமல் இருக்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்த சிறுவர்கள் நாங்கள், சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். காலமைன் லோஷன் என்ற பெயர் அவளுடைய வாய்க்குப் பழக்கமாகவில்லை. ‘ரோஸ் மருந்து’ என்றே கடைசிவரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குழம்பு பட்ட இடத்தில் முதலில் ஒரு சிலிர்ப்பும், பிறகு காய்ந்து இறுகும்போது தோல் இழுப்பது போன்ற ஓர் உணர்ச்சியும், அதற்குப் பிறகு அரைமணி நேரமாவது நீடிக்கும் ஒரு நிம்மதியும் உண்டாகும் என்பதைத் தமிழ்நாட்டில் கோடைகாலத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

அந்தப் புட்டி இன்று மருந்துக் கடையின் பழைய மூலையை விட்டு அழகுச் சாதனங்களின் பளபளப்பான தட்டுக்களுக்கு வந்துவிட்டது. எண்ணெய் வடியும் முகத்துக்கு ஒன்று, சவரம் செய்த கன்னத்துக்கு ஒன்று, கற்றாழை கலந்தது ஒன்று, வெயிலுக்குக் காப்பாகும் என்று சொல்லப்படுவது ஒன்று என்று அதன் உருவங்கள் பெருகியிருக்கின்றன. ‘தினமும் பூசலாமா, குழந்தைக்குப் பூசலாமா, கர்ப்பிணிகள் பூசலாமா?’ என்று என்னிடம் கேட்பவர்களின் எண்ணிக்கையும் பெருகியிருக்கிறது. நான் வைத்தியன் அல்லன். ஆனால் இந்த வஸ்துவின் சரித்திரத்தைப் பல வருஷங்களாகப் பின்தொடர்ந்து வந்தவன். அதன் எல்லையை அறியாமல் பிரயோகித்ததால் என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நஷ்டத்தையும் சுமந்துகொண்டிருப்பவன். ஆகவே தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காலமைன் என்பது முக்கியமாகத் துத்தநாகத்தின் ஒரு சேர்மம். துத்தநாக ஆக்ஸைடோ துத்தநாகக் கார்பனேட்டோ, அதனுடன் மிகச் சிறிதளவு இரும்பு ஆக்ஸைடு, அதாவது நம் ஊர்க் காவிக்கல்லுக்குச் சிவப்பைத் தரும் அதே பொருள், சேர்ந்து உண்டாகும் தூள் அது. அமெரிக்க மருந்து நூல் ஆக்ஸைடைக் கொள்கிறது. பிரிட்டிஷ் மருந்து நூல் கார்பனேட்டைக் கொள்கிறது. பிரிட்டிஷ் முறைப்படி ஒரு லிட்டர் லோஷனில் 150 கிராம் காலமைன், 50 கிராம் துத்தநாக ஆக்ஸைடு, 30 கிராம் பெண்டோனைட் என்ற களிமண், 5 கிராம் சோடியம் சிட்ரேட், 50 மில்லிலிட்டர் கிளிசரின், 5 மில்லிலிட்டர் திரவ ஃபீனால், மீதி கொதித்து ஆறிய தூய நீர். தண்ணீரைவிடப் பல மடங்கு கனமான துத்தநாகத் தூள் எந்த நீரிலும் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும் சுபாவமுடையது. அது கல்லாக இறுகிவிடாமல், குலுக்கினால் மறுபடி எழும்படி பார்த்துக்கொள்வதே நீரில் ஊறிப் பருக்கும் அந்தக் களிமண்ணின் தொழில். பாட்டி தட்டித் தட்டிக் குலுக்கியது வெறும் வழக்கம் அல்ல. குலுக்காமல் மேல்நீரை மட்டும் பூசினால் மருந்தைப் பூசியதாகாது, அடிவண்டலை மட்டும் வழித்துப் பூசினால் அளவுக்கு மிஞ்சியதாகிவிடும்.

இது எவ்வாறு சாந்தி தருகிறது? பூசிய நீர் ஆவியாகும்போது உடம்பின் உஷ்ணத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. சருமத்தின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும் என்று பௌதிக நூல்கள் கணக்குச் சொல்கின்றன. வெறும் தண்ணீரைத் தெளித்தாலும் குளிர்ச்சி உண்டு. ஆனால் அது உருண்டு ஓடிவிடும். நுண்ணிய தூள் கலந்திருக்கும்போது நீர் மெல்லிய ஏடாகப் பரவித் தங்கி, பெரிய பரப்பிலிருந்து நிதானமாக ஆவியாகிறது. குளிர்ச்சியைச் சொல்லும் நரம்புச் செய்தியும் அரிப்பைச் சொல்லும் நரம்புச் செய்தியும் முதுகுத் தண்டில் சந்திக்கும்போது, முன்னது பின்னதை மட்டுப்படுத்துகிறது. நீர் போன பின் எஞ்சும் தூளோ, கசியும் நீரை உறிஞ்சிக்கொண்டு, சிவந்த தோலைச் சற்றே சுருங்கச் செய்து, துணியின் உராய்வுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு திரையாக நிற்கிறது. இவ்வளவுதான் அதன் மகிமை. வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டதால் உண்டாகும் வேர்க்குருவின் அடைப்பை அது திறப்பதில்லை. அம்மைக் கிருமியைக் கொல்வதில்லை. ஒவ்வாமையின் வேரைத் தொடுவதில்லை. உடம்பு தன் காரியத்தைத் தானே செய்து முடிக்கிறவரையில், பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் வேலையை மட்டும் அது செய்கிறது. அந்த வேலையை நான் அற்பமாக மதிக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிடும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில், உயிர் காக்கும் பெரும் மருந்துகளோடு இந்த எளிய லோஷனும் இடம் பெற்றிருக்கிறது என்பது அந்த வேலைக்குக் கிடைத்த மரியாதை.

மனிதன் இந்த வஸ்துவைக் கண்டுகொண்டது மிகப் பழைய காலத்தில். இத்தாலியின் டஸ்கனிக் கடற்கரைக்கு அப்பால், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் மூழ்கிய ஒரு கப்பலில், தகர டப்பா ஒன்றுக்குள் நீர் புகாமல் தப்பியிருந்த வட்ட வில்லைகளை இந்த நூற்றாண்டின் ரசாயனிகள் சோதித்தபோது, அவற்றில் மிகுந்திருந்தவை துத்தநாகக் கார்பனேட்டுகளே. அவை கண் மருந்தாக இருந்திருக்கக்கூடும் என்பது அவர்களுடைய ஊகம். செம்பு உருக்கும் உலையின் சுவர்களில் வெண்பஞ்சு போலப் படியும் துத்தநாகப் பொடியைக் கிரேக்க வைத்தியரான டயாஸ்கொரிடீஸ் வர்ணித்திருக்கிறார். பாரசீகத்தில் அதைத் தூத்தியா என்று அழைத்தார்கள். அங்கே அது தயாராகும் விதத்தையும், கண்ணுக்கு நல்லது என்று மதிக்கப்படுவதையும் மார்க்கோ போலோ தம் யாத்திரைக் குறிப்பில் எழுதிவைத்தார். நம்முடைய துத்தம், துத்தநாகம் என்ற சொற்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிழக்கு நாடுகளின் துத்தநாகத்தை ஐரோப்பிய வியாபாரிகள் டூட்டநாக் என்றே விலை கூறி வாங்கினார்கள். ராஜஸ்தானத்தில் உதயபுரிக்கு அருகே ஜாவர் என்ற இடத்தில், இந்த உலோகத்தை மண் மூசைகளில் வாலையிட்டு இறக்கிய பழைய உலைகளும், பயன்படுத்தி எறிந்த மூசைகள் மலைபோல் குவிந்த மேடுகளும் இன்றும் இருக்கின்றன.

பெயர் என்பது எவ்வளவு அபாயமானது என்பதற்கு இங்கே ஒரு சிறு உதாரணம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சித்த வைத்தியத்தில் நாகம் என்றால் துத்தநாகம். நாக பற்பம் துத்தநாகத்தின் பற்பம். வடமொழி ஆயுர்வேத நூல்களிலோ நாகம் என்றால் ஈயம். ஒரே சொல், ஒன்றில் உடம்புக்கு வேண்டிய தாது, மற்றொன்றில் விஷ உலோகம். பெயரைப் பார்த்து மருந்து வாங்குகிறவர்கள் இதை மறக்கலாகாது.

ஐரோப்பாவில் காலமைன் என்ற பெயருக்குள்ளும் இத்தகைய குழப்பம் நெடுநாள் நிலவியது. லண்டன் நகரத்து வைத்தியர் டேனியல் டர்னர், 1714-ஆம் வருஷத்தில் ஆங்கிலத்தில் சரும வியாதிகளைப் பற்றி முதன்முதலாகத் தனி நூல் எழுதியவர். காலமைனை மெழுகோடும் எண்ணெயோடும் குழைத்து அவர் பிரபலப்படுத்திய களிம்பு அவர் பெயராலேயே வழங்கிற்று. அவர் பயன்படுத்திய கல் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறுபட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கல் ஒரே பொருள் அல்ல, கார்பனேட்டும் சிலிகேட்டுமாகப் பல கனிமங்கள் ஒரே பெயரில் உலவுகின்றன என்பதை, 1802-இல் ராயல் சங்கத்தின் முன் சமர்ப்பித்த ஆராய்ச்சியில் ஜேம்ஸ் ஸ்மித்ஸன் நிரூபித்தார். அவற்றுள் ஒன்றுக்கு அவருடைய பெயரே பிற்காலத்தில் இடப்பட்டது. வாஷிங்டன் நகரத்தில் இருக்கும் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனம், தாம் ஒரு நாளும் கண்ணால் காணாத தேசத்துக்கு அவர் எழுதிவைத்த சொத்தினால் எழுந்தது.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த நிகழ்ச்சி ஸ்மித்ஸனின் ஆராய்ச்சிக்குப் பதினைந்து வருஷங்களுக்குப் பின் நடந்தது. ஃபிரெடரிக் ஸ்ட்ரோமயர் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியர். ஹனோவர் ராஜ்யத்து மருந்துக் கடைகளைப் பரிசோதிக்கும் உத்தியோகமும் அவருக்கு இருந்தது. 1817-இல் ஹில்டெஸ்ஹைம் பகுதியின் கடைகளைப் பார்வையிட்டபோது, துத்தநாக ஆக்ஸைடு இருக்கவேண்டிய இடத்தில் துத்தநாகக் கார்பனேட்டை வைத்திருக்கக் கண்டார். ஏன் என்று விசாரித்துக்கொண்டே போனதில், அந்தக் கார்பனேட்டைச் சூடாக்கினால் வெண்மையான ஆக்ஸைடு வருவதற்குப் பதிலாக மஞ்சள் நிறமான பொருள் வருகிறது என்றும், அதை எவரும் வாங்கமாட்டார்கள் என்றும் தெரியவந்தது. மஞ்சளுக்குக் காரணம் இரும்பாக இருக்கலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். சோதித்தால் இரும்பு இல்லை. அதே காலத்தில் மாக்டபர்க் நகரத்திலும் கடைகளின் துத்தநாக மருந்தில் பாஷாணம் கலந்திருக்கிறது என்ற சந்தேகத்தின் பேரில் சரக்கு பறிமுதலாகியிருந்தது. அங்கும் பாஷாணம் இல்லை. அந்தக் கறையைப் பிரித்துப் பிரித்துச் சுத்தி செய்தபோது ஸ்ட்ரோமயருக்குக் கிடைத்தது அதுவரையில் உலகம் அறியாத ஓர் உலோகம். காலமைனுக்குக் கிரேக்கர் வழங்கிய பழம் பெயரான காட்மியா என்பதிலிருந்தே அதற்குக் காட்மியம் என்று பெயர் சூட்டினார்.

காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும் விஷம் என்பதை ஜப்பானில் ஜின்ஸூ நதிக்கரையில் வாழ்ந்த ஏழை விவசாயிகள் பிற்காலத்தில் தம் உடம்பைக் கொடுத்து உலகத்துக்கு அறிவித்தார்கள். சாந்தப்படுத்தும் ஒரு பூச்சு மருந்தின் தூய்மையைப் பற்றி ஓர் அதிகாரி கொண்ட சந்தேகம், அதற்குள் ஒளிந்திருந்த விஷத்தைப் பெயரிட்டு வெளியே கொண்டுவந்தது. ‘பார்க்க வெண்மையாக இருக்கிறது, போதும்’ என்று அவர் திருப்தியடைந்திருந்தால் அது இன்னும் எத்தனை காலம் ஒளிந்திருக்குமோ. இன்று மருந்துத் தரக் காலமைன் பூமியிலிருந்து அப்படியே வெட்டியெடுத்து அரைத்த கல் அல்ல. சுத்தி செய்த துத்தநாகச் சேர்மத்தில் அளவறிந்து இரும்பு ஆக்ஸைடைக் கூட்டித் தயாரிப்பது. ஈயம் முதலிய உலோகங்களுக்கு மருந்து நூல்கள் வரம்பு கட்டுகின்றன. நிறம் இரும்பிலிருந்துதான் வந்ததா, அல்லது மலிவான சாயத்தைக் கரைத்து ஊற்றி ஏமாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக, பிரிட்டிஷ் நூல் சாராயத்தில் ஒரு சோதனையும் நீரில் ஒரு சோதனையும் விதித்திருக்கிறது. ஆகவே சந்தையில் நிறுத்துத் தரும் பெயரில்லாத இளஞ்சிவப்புப் பொடியை வாங்கி முகத்தில் அப்பிக்கொள்வதை என்னால் ஆதரிக்க முடியாது. உற்பத்தி உரிம எண்ணும், காலாவதித் தேதியும், உள்ளடக்கமும் அச்சிடப்பட்ட புட்டிக்குச் சில ரூபாய் கூடக் கொடுப்பது வீண் செலவு அல்ல.

தூய காலமைனால் சருமத்துக்கு நேரும் தீங்கு மிகக் குறைவு என்பதற்குக் காரணமும் எளியது. அது நீரில் கரையாத பொருள். காயமில்லாத தோலின் வழியே உள்ளே புகுவது அரிது. இருந்தாலும் அதற்கு விரோதமான இடங்கள் உண்டு. ஏற்கெனவே வறண்டு வெடித்த தோலில், முக்கியமாகக் கரப்பான் உள்ள குழந்தைகளின் முழங்கை முழங்கால் மடிப்புக்களில், அது இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி அரிப்பை வளர்த்துவிடும். அங்கே வேண்டியது எண்ணெய்ப் பசையே தவிர இந்த உலர்த்தும் குழம்பு அல்ல. திறந்த புண்ணில் பூசினால் பொருக்குத் தட்டி, அடியில் சீழ் கோத்துக்கொள்ள இடம் உண்டு. கண், வாய், மூக்கின் உட்புறம் ஆகியவற்றுக்கு ஆகாது. ஃபீனாலோ கர்ப்பூரமோ சேர்ந்த வகைகளைக் கைக்குழந்தையின் உடம்பு முழுவதும் வைத்தியரைக் கேளாமல் பூசுவது தகாது. இளஞ்சிவப்பு நிறம் குழந்தைகளைப் பால் என்று மயக்கும்; ஆகவே எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். எண்ணெய்ச் சருமம் உடையவர்கள் முகத்தில் மெல்லிதாகப் பூசி, பிறகு கழுவிக்கொள்வதில் குற்றமில்லை. அதுவே வெயிலைத் தடுத்துவிடும் என்று நம்பி நண்பகலில் அலைவது மாத்திரம் தவறு. முதன்முதலாகப் பூசுகிறவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது.

எந்த அரிப்புக்கும் அந்தப் புட்டியே போதும் என்ற நம்பிக்கை இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம். வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே சமயத்தில் இரவில் அரிப்பு முற்றுமானால் அது சிரங்குப் பூச்சியின் வேலையாக இருக்கலாம். காலமைன் அரிப்பை ஆற்ற ஆற்ற, பூச்சி வீடு முழுவதும் பரவும். தோலில் ஒரு தடிப்பும் இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் கல்லீரலோ சிறுநீரகமோ முறையிடுகிறதா என்று பார்க்கவேண்டும். கர்ப்பிணிகள் இந்த லோஷனைப் பூசிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்கமுடியாமல் அரித்தால் அது பித்தநீர்த் தேக்கத்தின் அறிகுறியாக இருந்து வயிற்றுச் சிசுவுக்கே ஆபத்தாகலாமாகையால், பூச்சைத் தேடாமல் பிரசவ வைத்தியரைத் தேடிப் போகவேண்டும்.

என் தகப்பனாரின் கதையை இந்த இடத்தில் சொல்லவேண்டும். அவருக்கு அறுபத்தெட்டு வயதிருக்கும்போது, ஒரு நாள் வலது நெற்றியில் ஊசி குத்துவதுபோல் வலி கண்டு, மறுநாள் அந்த இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் எழும்பின. அக்கி என்று பார்த்தவுடன் ஊரார் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, குயவர் ஒருவரை அழைத்து அக்கி எழுதினோம். அவர் காவிமண்ணைக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றிப் பயபக்தியோடு எழுதிவிட்டுக் கூலிகூட வற்புறுத்தாமல் போனார். அந்த மனிதர்மேல் எனக்கு அணுவளவும் மனத்தாங்கல் இல்லை. அவர் பூசிய காவியும், நான் மருந்துக் கடைக்கு ஓடி வாங்கிவந்த ரோஸ் மருந்தின் சிவப்பும் ஒரே இரும்பு ஆக்ஸைடு என்பது எனக்குப் பின்னால் தெரிந்தபோது, கிராமத்துக் கையும் நகரத்துக் கையும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டேன். இரண்டும் எரிச்சலைத் தணித்தன. அப்பா இரண்டு இரவு நன்றாகத் தூங்கினார். தூங்குகிறாரே என்று நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஐந்தாம் நாள் மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் தோன்றியது. ஆறாம் நாள் கண் சிவந்தது.

அக்கியும் சின்னம்மையும் ஒரே கிருமியின் இரண்டு முகங்கள். சிறுவயதில் அம்மை போட்டு இறங்கிய பிறகு அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேர்முடிச்சில் ஒடுங்கி, ஐம்பது அறுபது வருஷம் உறங்கி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த ஒரு நரம்பின் வழியே மட்டும் வெளிப்படுகிறது. அதற்கு அஸைக்ளோவிர் போன்ற மருந்துகள் உண்டு. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முழுப் பலன். நெற்றியில் கண்டால் கண்ணுக்கு ஆபத்து, மூக்கு நுனியில் கண்டால் அந்த ஆபத்து பின்னும் அதிகம். ஏனெனில் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் கிளை அனுப்புவது ஒரே நரம்பு. இதையெல்லாம் கண் வைத்தியர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். “மூணு நாளைக்கு முன்னாடி வந்திருக்கலாமே” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்பாவின் வலது கண்ணில் பார்வை பிறகு மங்கலாகவே நின்றுவிட்டது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் என்னைக் குறை கூறவில்லை. பத்திரிகையை இடது பக்கம் சாய்த்துப் பிடித்துப் படிக்கப் பழகிக்கொண்டார். அந்தச் சாய்வைப் பார்க்கும் ஒவ்வொரு காலையிலும் நான் வாங்கிவந்த புட்டியின் நினைவு எனக்கு வரும்.

காலமைன் அவரைக் கெடுக்கவில்லை. தன்னால் முடிந்த சாந்தியை அது யோக்கியமாகக் கொடுத்தது. அந்தச் சாந்தியை நான் குணம் என்று தவறாகப் படித்தேன். தோல் அமைதியானதால் வியாதியே அமைதியாயிற்று என்று எண்ணுவது மனித சுபாவம் போலும். இந்தச் சுபாவத்தை நம்பித்தான் வேறு சில பொருள்கள் விற்பனையாகின்றன என்பதைப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன்.

அரிப்பைத் தடுக்கும் டைபென்ஹைட்ரமின் என்ற மருந்தைக் காலமைனோடு சேர்த்து, அதே இளஞ்சிவப்பு நிறத்தில், ஏறத்தாழ அதே பெயரோடு சில லோஷன்கள் வருகின்றன. பூச்சி கடித்த ஓரிடத்தில் தொட்டு வைத்தால் பாதகமில்லை. ஆனால் சின்னம்மை கண்ட குழந்தைக்கு, உடம்பு முழுவதும் தோல் உடைந்து கிடக்கும் நிலையில், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அதைப் பூசி, போதாக்குறைக்கு அதே மருந்தை வாய்வழியாகவும் கொடுத்தபோது, மருந்து ரத்தத்தில் ஏறி, குழந்தை பிதற்றி, கண் பாவை விரிந்து, இல்லாத உருவங்களைக் கண்டு அலறிய சம்பவங்கள் வைத்தியப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கின்றன. தாய்மார்கள் பூசியது அன்பினால். வெறும் காலமைனைப் பூசுவதாகவே அவர்கள் நினைத்தார்கள். புட்டியின் முன்புறத்துப் பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படிக்காமல் விடும் வழக்கத்தை நம் வீடுகளில் மாற்றியாக வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிடப் பரவலான கேடு ஸ்டிராய்டுக் களிம்புகளால் விளைகிறது. அவற்றை ஒதுக்கவேண்டியவை என்று நான் சொல்லவில்லை. தகுந்த வைத்தியர், தகுந்த இடத்தில், தகுந்த நாட்களுக்கு எழுதிக்கொடுத்தால் அவை அருமையான ஔஷதங்கள். ஆனால் சிவப்பும் அரிப்பும் ஒரே இரவில் மாயமாக மறைவதைக் கண்டு, ஒருவர் சொல்லி ஒருவராக, முகம் வெளுக்கும் என்ற ஆசையிலும், படர்தாமரைக்கு மருந்து என்ற நினைப்பிலும் மாதக்கணக்கில் பூசியவர்களின் கதி வேறு. தோல் காகிதம்போல் மெலிந்து, ரத்தக் குழல்கள் வெளியே தெரிந்து, பருக்கள் கொப்புளித்து, பெண்களின் கன்னத்தில் ரோமம் முளைத்து, பூசுவதை நிறுத்தினால் முகம் தீப்பட்டதுபோல் எரிவதால் மறுபடி அதையே பூசவேண்டியதாகி, அடிமைத்தனம்போல் ஆகிவிடுகிறது. படர்தாமரையோ உள்ளே அடங்கியதுபோல் நடித்து, உருமாறி, வைத்தியரும் மயங்கும்படி வேறிடங்களில் படர்கிறது. இந்தியச் சரும வைத்தியர்களின் சங்கம் இந்தத் துஷ்பிரயோகத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பின், 2018-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் 14 வகை மேல்பூச்சு ஸ்டிராய்டுகளை வைத்தியரின் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் சீட்டில்லாமல் களிம்பு கேட்கும் கை இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது.

தணிப்பது ஒன்று, அடக்குவது வேறொன்று. காலமைன் தணிக்கிறது, பூசிய அரைமணியில் அதன் செல்வாக்கு குறைந்துவிடுவதால், உள்ளே வியாதி வளர்ந்தால் அது தெரியாமல் போவதில்லை, பார்க்கச் சித்தமாயிருப்பவர் கண்ணுக்குப் புலப்படும். ஸ்டிராய்டு அடக்குகிறது, சாட்சி சொல்லவேண்டிய சிவப்பையே வாயடைத்துவிடுகிறது. இன்றைய முகப்பூச்சுக்களின் மேலட்டைகளில் ‘சாந்தப்படுத்தும்’, ‘இதமளிக்கும்’ என்ற வார்த்தைகள் இந்த இரண்டு வகைக்கும் பேதமில்லாமல் இடப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. வாங்குகிறவர் கேட்கவேண்டிய கேள்வி, ‘எவ்வளவு சீக்கிரம் மறையும்?’ என்பது அல்ல. ‘இதை நிறுத்தினால் என்ன ஆகும்?’ என்பது. காலமைனை நிறுத்தினால் ஒன்றும் ஆவதில்லை.

சென்ற மாசியில் என் பேத்திக்கு அம்மை போட்டிருந்தது. அதற்குரிய தடுப்பூசி சர்க்காரின் இலவச அட்டவணையில் இல்லாததால், போடலாம் போடலாம் என்று நாள் தள்ளிப்போய்விட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். டாக்டரையும் அழைத்துக் காட்டினோம். ஆஸ்பிரின் கொடுக்கலாகாது என்று அவர் சொன்னதைச் சமையற்கட்டுச் சுவரில் எழுதி ஒட்டினோம். நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, அவளுடைய தாய் பஞ்சை லோஷனில் தோய்த்து ஒவ்வொரு கொப்புளத்தின்மேலும் பொட்டு வைப்பதுபோல் வைத்துக்கொண்டே வர, குழந்தை எண்ணிக்கொண்டே வந்து, முதுகுப் பக்கம் கணக்குத் தப்பிப்போய், அப்படியே குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டாள். மாநிறமான அந்தச் சிறு முதுகில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் காய்ந்து வெளிறிக்கொண்டிருந்தன.

மறுநாள் அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்து, பின்பக்கத்து வெற்றிடத்தில், ‘சின்னம்மை’ என்று எழுதி, வருஷம், மாதம், தேதி மூன்றையும் குறித்தேன். அப்பாவுக்கு அம்மை போட்டது எந்த வருஷம் என்று கண் வைத்தியர் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

“எதுக்கு தாத்தா எழுதறே?” என்று படுக்கையிலிருந்தே கேட்டாள்.

“உனக்கு அறுபது வயசாகும்போது வேணும்” என்றேன்.

அவள் சற்று யோசித்துவிட்டு, முதுகு அரிக்கிறது என்றாள். நான் எழுந்து போய்ப் புட்டியை எடுத்துக் குலுக்கினேன்.